உப்புவெளியில் கொத்துச் சத்தத்தை நிறுத்தி வைக்கிற ஒரு கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பசியோடு போகாதீர்கள். மற்ற நாட்களில் போகலாம், போட்டி நாளில் வேண்டாம். நான் போன முதல் இரவு ஒரு கோழிக் கொத்துக்கு ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். கொத்துப் போடுகிற தம்பி இரண்டு தகட்டையும் கையில் பிடித்தபடி ரீவியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், கல்லில் கிடக்கிற ரொட்டி லேசாகக் கருகி மணக்கிறது, பக்கத்து மேசையில் இருந்தவர்களும் வாய் திறக்கவில்லை. நான் எழும்பிப் போய்க் கேட்டேன். அவன் திரும்பாமலே சொன்னான், "பொறுங்கோ அண்ணன், இன்னும் ரெண்டு வெடி இருக்கு."

அதற்குப் பிறகும் அந்தக் கடைக்கு இருபது தடவைக்கு மேல் போயிருக்கிறேன். ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளும்.

இடம் சொல்கிறேன். திருகோணமலை டவுனிலிருந்து நிலாவெளி வீதியால் வாருங்கள். உப்புவெளியில் வெள்ளைக்காரரின் யுத்த மயானம் கடந்து கொஞ்சத் தூரம் போனால் கடல் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கை. பெயர்ப் பலகை கிடையாது. ஒழுங்கை வாசலில் பனியில் சறுக்குகிற நீளமான பலகை ஒன்றைத் தூண்போல நட்டு, அதில் மின்குமிழ் கட்டியிருக்கிறார்கள். ஓட்டோக்காரரிடம் "சுவீடன் அண்ணன்ட கடை" என்றாலே கொண்டுவந்து விடுவார்.

மே தொடங்கி செப்டெம்பர் வரை இது ஒரு சாதாரணக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைதான். உல்லாசப் பயணிகள், மீன் பொரியல், காதைக் கிழிக்கிற பாட்டு, அந்த மாதங்களில் நான் அந்தப் பக்கம் போவதே குறைவு. வாடைக் காற்று தொடங்கி மழை இறங்கினால் பக்கத்து விடுதிகள் பாதி பூட்டிக் கிடக்கும், கடல் கறுத்துப் போகும், ஒழுங்கையில் ஒரு குஞ்சு குருமானும் இராது. அப்போதுதான் இந்த மனுசன் சுவரில் பெரிய ரீவியை மாட்டி, எங்கள் ஊரில் பெயரே கேள்விப்படாத ஒரு விளையாட்டைப் போட ஆரம்பிப்பார். பயத்லோன். பனியில் சறுக்கி ஓடுவதும் துவக்கால் சுடுவதும் சேர்ந்தது. நேரமும் நமக்கு வாய்ப்பாகத்தான் இருக்கிறது, மாரியில் ஐரோப்பாவில் பின்னேரம் இரண்டரை என்றால் இங்கே இரவு ஏழு, கொத்துக்குச் சரியான நேரம்.

கடைக்காரர் பதினெட்டு வருடம் சுவீடனில் இருந்தவர், ஒஸ்டர்சுண்ட் என்ற ஊரில் உணவகச் சமையலறையில் வேலை. அம்மாவைப் பார்க்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒஸ்டர்சுண்ட் ஒரு பெரிய ஏரிக்கரை ஊராம், ஏரிக்குள் பூதம் இருக்கிறது என்று அந்த ஊர்க்காரருக்கு ஒரு கதையும் உண்டாம். பயத்லோன் உலக சாம்பியன்சிப் அங்கே மூன்று தடவை நடந்திருக்கிறது, 1970, 2008, 2019. கடைசித் தடவை இவர் அரங்கத்தின் மேடையில் நின்று பார்த்திருக்கிறார். அந்தக் கதை பின்னால் வரும், நீங்கள் கேட்காவிட்டாலும் அவர் சொல்லுவார்.

நான் முதல் போன இரவு 2023 பெப்ரவரி 15, புதன்கிழமை. ஜேர்மனியில் ஓபர்ஹோஃப் என்ற இடத்தில் உலக சாம்பியன்சிப், பெண்கள் 15 கிலோமீற்றர் தனிநபர் போட்டி. எனக்கு எதுவும் விளங்கவில்லை. யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு, ஏன் ஒருத்தி தனியாக ஓடுகிறாள், ஒன்றும் புரியாது. கொத்து வராத கோபம் வேறு. அப்போது அவர் வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தார். அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஐந்து சுற்று, நடுவில் நான்கு தடவை சுட வேண்டும், தடவைக்கு ஐந்து ரவை, மொத்தம் இருபது. முதலாவதும் மூன்றாவதும் படுத்துக்கொண்டு, இரண்டாவதும் நான்காவதும் நின்றுகொண்டு. தூரம் 50 மீற்றர். படுத்துச் சுடும்போது இலக்கு 45 மில்லிமீற்றர் அகலம், அதாவது ஒரு தேசிக்காய். நின்று சுடும்போது 115 மில்லிமீற்றர், ஒரு சிரட்டையின் வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது மீற்றருக்கு அப்பால் ஒரு தேசிக்காயை யோசித்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியாது. அதுவும் மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத துவக்கை முதுகில் சுமந்துகொண்டு மேடு ஏறி இறங்கி, நெஞ்சு படபடவென்று அடிக்க வந்து, அந்தப் படபடப்புக்கு நடுவிலேயே மூச்சைப் பிடித்து விசையை இழுக்க வேண்டும். கறுப்பு இலக்கில் பட்டால் அது வெள்ளையாக மாறும். படாவிட்டால்? மற்றப் போட்டிகளில் தவறின ஒவ்வொன்றுக்கும் 150 மீற்றர் தண்டனைச் சுற்று ஓட வேண்டும், நல்லாக ஓடுகிறவருக்கு இருபத்தைந்து செக்கனுக்குள் முடிந்துவிடும். இந்தத் தனிநபர் போட்டியில் மட்டும் ஒரு தவறுக்கு முழுதாக ஒரு நிமிடம் நேரத்தில் கூட்டிவிடுவார்கள். ஒரு நிமிடம் என்பது இதில் பெரிய தொகை, காலால் ஓடி அடைக்க முடியாத கடன்.

அரை அரை நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகத் தொடங்குவதால் இந்தப் போட்டியில் எப்போது பார்த்தாலும் யாரோ ஒருவர் சுட்டுக்கொண்டேயிருப்பார். கடையின் சட்டம் என்னவென்றால், சுவீடன்காரர் சுட நின்றால் கொத்துத் தகடு அடிக்கக்கூடாது. கொத்துச் சத்தத்தில் வெடி விழுவது கேட்காதாம். அதனால்தான் என் கொத்துக்கு ஐம்பது நிமிடம்.

அன்றிரவு வென்றவர் ஹன்னா ஓபெர்க். எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் வாசிக்கத் தோன்றும், அண்ணன் சொல்லும்போது கடைசியில் "க்" வராது, கிட்டத்தட்ட "ஏபெரி" போல ஒரு சத்தம். எனக்கு அது வாயில் வரவில்லை, கடையில் எல்லோரும் ஹன்னா என்றே சொல்கிறோம், ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. இரண்டாவது இடமும் சுவீடனுக்குத்தான், லின் பெர்சோன். கொத்துத் தம்பி தகட்டால் கல்லில் ஓங்கி ஓர் அடி போட்டான், பின்னால் இருந்த கிழவர் ஒருவர் திடுக்கிட்டுத் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டார். எனக்கு ஒரு கறுவா பணிஸ் சும்மா வந்தது. கொத்து ஆறியிருந்தது. நல்ல ருசிதான், ஆனால் ஆறியிருந்தது.

அதற்கு அடுத்த ஓய்ந்த இரவுகளில் நான் கேட்காமலே அண்ணன் பழைய போட்டிகளைப் போட்டுக் காட்டினார். முதலாவது 2018, தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக், பெப்ரவரி 15, அதே 15 கிலோமீற்றர். ஹன்னாவுக்கு அப்போது 22 வயது. அதற்கு முன் உலகக் கிண்ணத் தொடரில் ஒரு தடவைகூட முதல் மூன்று இடத்துக்குள் வந்து மேடையேறாதவர். அந்த ஒலிம்பிக்கில் பெண்கள் பக்கத்தில் எல்லோர் கண்ணும் ஜேர்மனியின் லோரா டால்மையர் மேல்தான், அவர் அதற்குள் இரண்டு தங்கம் எடுத்துவிட்டார். இந்தப் பிள்ளை இருபதுக்கு இருபது சுட்டது. நேரம் 41 நிமிடம் 7.2 செக்கன். இரண்டாவதாக வந்த ஸ்லோவாக்கியாவின் அனஸ்தாசியா குஸ்மினாவை விட 24.7 செக்கன் முன்னுக்கு. குஸ்மினா ஓட்டத்தில் பேய், ஆனால் தவறின ரவைக்கு நிமிடக் கணக்கில் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது கடைசி நின்று சுடும் ஐந்து. அதுவும் ஐந்தாவது. மனுசர் அந்த இடத்தில் அவசரப்படுவார்கள், நான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இழுத்திருப்பேன். அதை முடித்துவிட்டு ஓடிப்போய் எல்லைக்கோட்டில் விழுந்த பிறகும் வென்றாயிற்று என்று சொல்ல முடியாது. பின்னால் தொடங்கியவர்கள் இன்னும் பாதையில் இருக்கிறார்கள், ஒவ்வொருவராக வரும்வரை நின்று பார்க்க வேண்டும். பரீட்சை எழுதிவிட்டுப் பக்கத்துப் பிள்ளைகளின் பேப்பரும் திருத்தி முடியும்வரை மண்டபத்திலேயே நிற்கிற மாதிரி.

2025 ஓகஸ்டில் ஒரு இரவு, உல்லாசப் பயணிகள் போன பிறகு, அவர் இதே போட்டியைத் திரும்பப் போட்டார். மேடையில் மூன்று பேரும் நிற்கிற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டார். மூன்றாவது இடத்தில் நிற்கிற டால்மையர் அந்த வருடம் ஜூலை 28ஆம் திகதி பாகிஸ்தானில், காரகோரம் மலைத்தொடரின் லைலா சிகரத்தில், கல் விழுந்து இறந்துபோனார். 31 வயது. விளையாட்டை விட்டு மலையேறப் போனவர். கடையில் அன்று நாங்கள் நாலு பேர், யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் அண்ணன் ரீவியை அணைத்துவிட்டுக் கதிரைகளை அடுக்க ஆரம்பித்தார்.

சரி, 2019க்கு வருவோம். மார்ச் மாதம், ஒஸ்டர்சுண்ட். சொந்த நாட்டில் உலக சாம்பியன்சிப், முந்தைய வருடத்து ஒலிம்பிக் சாம்பியன், அதே போட்டி. அண்ணன் அன்று லீவு கேட்டுக் கிடைக்காமல், காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனாராம். (முதலாளியும் அதே அரங்கத்தில் நின்றதாகச் சொல்லுகிறார். இந்தப் பகுதியை நான் பாதிதான் நம்புகிறேன்.) ஹன்னா அதிலும் தங்கம். ஒவ்வொரு இலக்கும் வெள்ளையாகும்போது ஆயிரக்கணக்கான சனம் ஒரே குரலில் கத்துமாம், சுடுகிற பிள்ளைக்கு அந்தச் சத்தம் காதில் விழாமலா இருக்கும். ஒலிம்பிக்கில் யாரும் எதிர்பார்க்காதபோது வென்றார். இங்கே ஊரே எதிர்பார்த்துக்கொண்டு நிற்கும்போது வென்றார். இரண்டில் எது கஷ்டம் என்று கடையில் ஒரு நாள் பெரிய வாக்குவாதம். என் மச்சான் முதலாவது என்றான். அவன் வாழ்க்கையில் யாரும் அவனிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை, அவனுக்கு இரண்டாவது எப்படி விளங்கும் என்று அண்ணன் கேட்டார். மச்சான் ஒரு மாதம் கடைப் பக்கம் போகவில்லை.

ஹன்னா பிறந்தது கிருனாவில், 1995 நவம்பர் 2. சுவீடனின் வட கோடி, துருவ வட்டத்துக்கும் மேலே, டிசெம்பரில் சில கிழமை சூரியனே எழும்பாத ஊர். ஊருக்குக் கீழே இரும்புச் சுரங்கம் தோண்டித் தோண்டி நிலம் இறங்குவதால் ஊரையே கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றுகிறார்கள். 2025 ஓகஸ்டில் அங்கிருந்த பெரிய மரத் தேவாலயத்தை அப்படியே தூக்கி, சக்கரங்கள் வைத்த வண்டிகளில் ஏற்றி, ஐந்து கிலோமீற்றர் நகர்த்தினார்கள். அதையும் இந்தக் கடையில்தான் பார்த்தோம். மேசையில் இருந்த அம்மா ஒருவர், நம்ம கோணேசர் கோயிலை இப்படித் தூக்கினால் மலையையும் சேர்த்தல்லோ தூக்க வேணும் என்றார். பயத்லோனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இந்தக் கடையில் கதை இப்படித்தான் போகும்.

துவக்கு விசயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் துவக்குச் சத்தம் என்றால் மனதில் ஓடுவது வேறு. முதல் வருடம் பக்கத்து வீட்டுக்கார அம்மா வந்து, "தம்பி, இரவில இந்தச் சத்தம் வேண்டாம்" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து ரீவியின் ஒலி எப்போதும் குறைவுதான், அதனால்தான் கொத்தை நிறுத்த வேண்டிய நிலைமையும் வந்தது. உண்மையில் அது சின்ன ரவை, 5.6 மில்லிமீற்றர், பெரிய வெடியாக இராது, பட்டாணி உடைகிற மாதிரி ஒரு 'டக்'. அந்த அம்மாவும் இப்போது சில நாட்களில் வந்து இருப்பார். துவக்கைப் பார்க்க மாட்டேன், பனியைத்தான் பார்க்கிறேன் என்பார்.

இனி எனக்கும் அண்ணனுக்கும் இன்னும் முடியாத சண்டை. சுவீடனின் பயத்லோன் என்றால் மக்டலேனா ஃபோர்ஸ்பெர்க்தான், மற்றவர்கள் எல்லாம் அதற்குக் கீழே என்பது அவர் கட்சி. அவர் பக்கம் ஆதாரம் பலமாகத்தான் இருக்கிறது. துவக்கில்லாத வெறும் பனிச்சறுக்கு ஓட்டக்காரியாக இருந்து, பிறகு இதற்கு மாறி, 1997 முதல் 2002 வரை ஆறு பருவமும் தொடர்ந்து உலகக் கிண்ண ஒட்டுமொத்தப் பட்டம், அதாவது பருவம் முழுக்க எடுத்த புள்ளிகளைக் கூட்டிக் கொடுக்கிற பட்டம். 42 உலகக் கிண்ண வெற்றிகள். ஆனால் ஒலிம்பிக் தங்கம் ஒன்றுகூட இல்லை, கடைசியாக 2002 சோல்ட் லேக் சிற்றியில் இரண்டு வெண்கலத்தோடு ஓய்வு. ஹன்னாவின் கதை தலைகீழ், ஒலிம்பிக் தங்கம் முதலில் வந்துவிட்டது, ஒட்டுமொத்தப் பட்டம் 2025 வரை இல்லை. அண்ணன் சொல்வார், வருடம் முழுக்க நல்லாகச் சமைக்கிறவன்தான் சமையல்காரன், ஒரு கலியாணத்துக்கு மட்டும் நல்லாகச் சமைக்கிறவன் இல்லை என்று. நான் சொல்வேன், கலியாணத்தில் கெட்டுப்போன சாப்பாட்டைத்தான் ஊர் நாற்பது வருடம் பேசும். இதில் யாருக்கும் வெற்றியில்லை. இடையில் அவர் இன்னொரு பெயரையும் இழுப்பார், கிளாஸ் லெஸ்டாண்டர், 1960இல் அமெரிக்காவின் ஸ்குவா வலியில் பயத்லோன் முதல் முதல் ஒலிம்பிக்கில் வந்தபோது 20 கிலோமீற்றரில் தங்கம் எடுத்த சுவீடன் தச்சர். அவரும் இருபதுக்கு இருபது. ஓட்டத்தில் அவரை விட வேகமானவர்கள் இருந்தார்கள், அவர்கள் சுடத் தவறினார்கள். 58 வருடம் கழித்து ஹன்னா செய்ததும் அதே இருபதுதான் என்று நான் எடுத்துக்கொடுத்தால் மனுசன் சிரித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்.

ஹன்னாவின் மெடல்களை வரிசையாக எழுதினால் நீளும், அதனால் ஓடவிடுகிறேன்: 2018 ஒலிம்பிக்கில் அஞ்சலோட்ட வெள்ளி, பிறகு உலக சாம்பியன்சிப்புகளில் 2019 சொந்த நாட்டில் அஞ்சலோட்ட வெள்ளி, 2020 இத்தாலியின் அந்தோல்ஸில் ஒன்றாகத் தொடங்கும் போட்டியில் வெண்கலம், 2021 ஸ்லோவேனியாவின் பொக்லியூக்காவில் தனிநபர் வெள்ளி. எல்லாம் நல்லதுதான், ஆனால் கடையில் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்பது 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் அஞ்சலோட்டம். என் மருமகளுக்காக. அவளுக்கு 12 வயது, மச்சானின் மகள், தகப்பனைப் போல இல்லை, கெட்டிக்காரி. நாலு பேர் ஓட வேண்டும். லின் பெர்சோன், மோனா புரோர்சோன், மூன்றாவது ஹன்னா, நான்காவது ஹன்னாவின் தங்கச்சி எல்விரா. அஞ்சலோட்டத்தில் ஐந்து ரவைக்கு மேல் மூன்று உதிரி ரவை உண்டு, அதையும் கையால் ஒவ்வொன்றாகப் போட வேண்டும், விரல் விறைத்த குளிரில் அதுவே ஒரு வித்தை. ஹன்னா ஓடி வந்து தங்கச்சியின் முதுகில் தொட்டு அனுப்புகிற இடத்தை மருமகள் ஏழு தடவை பார்த்துவிட்டாள். தங்கம் எடுத்தார்கள். எல்விரா அந்த ஒலிம்பிக்கில் தனியாகவும் இரண்டு வெள்ளி எடுத்தார், ஹன்னாவுக்குத் தனியாக ஒன்றும் கிடைக்கவில்லை. மருமகள் கேட்டாள், "அக்காவுக்குப் பொறாமை வந்திருக்காதா மாமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணன் தெரிந்த மாதிரி ஒரு நீண்ட பதில் சொன்னார், அவருக்குத் தம்பி ஒருவர் கனடாவில் இருக்கிறார், பதிலில் பாதி அவரைப் பற்றித்தான்.

நான் முதல் வந்த அந்தக் கிழமைக்கே திரும்பவும் போகிறேன், ஏனென்றால் என் கணிப்பில் ஹன்னாவின் உச்சம் 2018 இல்லை, அந்த 2023 ஓபர்ஹோஃப்தான். புதன்கிழமை தனிநபர் தங்கம். ஞாயிறு ஒன்றாகத் தொடங்கும் போட்டி, அதிலும் தங்கம். இரண்டும் இரண்டு விதமான ஆள் வெல்ல வேண்டிய போட்டி. தனிநபரில் உன் பக்கத்தில் யாருமில்லை, கடிகாரத்தோடு மட்டும் சண்டை, அமைதியான ஆளுக்கு ஏற்றது. மற்றதில் முப்பது பேர் ஒரே நேரத்தில் தொடங்கி, தோளோடு தோள் உரசி, சுடுகிற இடத்தில் பக்கத்துப் பாயில் இருப்பவள் ஐந்தையும் சுட்டுவிட்டு எழும்பிப் போவது உனக்குத் தெரியும், அந்த நேரத்தில் நீ மூன்றாவது ரவையில் நிற்கிறாய். அமைதி மட்டும் போதாது, கொஞ்சம் முரட்டுத்தனமும் வேண்டும். ஹன்னா தனிநபருக்கான ஆள் என்று அண்ணனே முதல் நாள் என்னிடம் சொல்லியிருந்தார். ஞாயிறு இரவு நோர்வேயின் தாண்ட்ரேவோல்டும் பிரான்சின் ஜூலியா சிமோனும் பின்னுக்கு வர, அவர் அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக் கடையில் இருந்த எல்லோருக்கும் றால் வடை கொடுத்தார்.

றால் வடை என்றதும் சாப்பாட்டுக்கு வருகிறேன், இது விமர்சனம் அல்லவா. றால் வடைதான் இந்தக் கடையின் முதல் பொருள். முழு றால், பருப்பு கரகரவென்று, எண்ணெய் வடிந்துதான் வரும், மழை நாளில் சுடச்சுட மூன்று சாப்பிடலாம். கணவாய்க் கொத்து அடுத்தது, கணவாய் இறப்பராகாமல் எடுக்கத் தெரிந்த கை. கோழிக் கொத்து பரவாயில்லை, நான் கடைசியாகப் போனபோது 950 ரூபாய். இடியப்பக் கொத்து இரண்டு தடவை எடுத்தேன், இரண்டு தடவையும் உப்புக் கூட. அறுக்குளாப் பொரியல் நல்லது, ஆனால் நிறை பார்த்து விலை சொல்லுவார்கள், விலை எங்கும் எழுதியில்லை, எடுக்க முதல் கேட்டுவிடுங்கள். உறைப்பு எங்கள் அளவுக்கு வேண்டுமென்றால் வாய் திறந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உல்லாசப் பயணிகளுக்குப் போடுகிற அளவில் வரும்.

அப்புறம் சுவீடன் பொருட்கள். கறுவா பணிஸ், அங்கே அதற்கு ஒரு தனி நாளே உண்டாம், ஒக்டோபர் 4. 2025இல் அன்றைக்கு ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா கொடுத்தார். மாவில் ஏலக்காய், உள்ளே கறுவாவும் சீனியும் பட்டரும், மேலே குருணிச் சீனி. தெற்கிலிருந்து வருகிற பட்டையை அவரே இடித்துத் தூளாக்குகிறார், மணம் ஒழுங்கை வாசல் வரைக்கும் வரும். காலையில் போட்ட பணிஸ் இரவு ஏழு மணிக்குக் கொஞ்சம் வறண்டு போய்விடும், அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், நான் சொல்லிவிட்டேன். தேத்தண்ணியில் தோய்த்தால் சமாளிக்கலாம்.

மற்றது ஒரு நீலச் சூப். அங்கே பனிச்சறுக்கு ஓட்டங்களில் ஓடுகிறவர்களுக்குச் சூடாக ஒரு நீலப் பழச் சூப் கொடுப்பார்களாம். அந்தப் பழம் இங்கே ஏது? இவர் நாவற்பழத்தில் செய்து பார்த்தார். பருவத்தில் வாங்கிச் சதையைப் பிரிட்ஜில் உறைய வைத்து, மாரியில் கறுவா போட்டுக் காய்ச்சிப் பேணியில் தருகிறார். துவர்ப்பு. நாக்கு ஊதா. மருமகளுக்குப் பிடிக்கும், எனக்கு ஒரு மிடறு போதும். நீரிழிவுக்கு நல்லது என்று ஒருவர் தினமும் வந்து குடிக்கிறார், அதில் போடுகிற சீனியின் அளவை நான் கண்ணால் பார்த்தேன், அவரிடம் சொல்லவில்லை.

குறைகள். நுளம்பு, கடுமையான நுளம்பு, சுருள் கொளுத்தி வைத்தாலும் காலுக்குக் கீழே வரும், நீளக் காற்சட்டை போடுங்கள். பிளாஸ்ரிக் கதிரைகளில் இரண்டுக்குக் கால் சரியில்லை, அதில் ஒன்றில் என் மச்சான் விழுந்தான். கழிவறை துப்பரவு, ஆனால் லைற் இல்லை. காட் எடுக்க மாட்டார்கள், காசு கொண்டு போங்கள். மழை நாளில் ஒழுங்கை சேறு, மோட்டார் சைக்கிளை வீதி ஓரத்திலேயே விட்டுவிட்டு நடந்து போவது புத்தி. அண்ணன் கதைப்பதை நிறுத்த மாட்டார், தனியாக இருந்து சாப்பிட விரும்புகிறவர்கள் மூலை மேசையை எடுங்கள். சுவீடன்காரர் இல்லாத போட்டியைப் போடச் சொன்னால் முகம் சுருங்கும்.

பெரிய குறை இணையம். 2025 பெப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை, சுவிற்சர்லாந்தின் லென்சர்ஹைடே, உலக சாம்பியன்சிப்பில் ஒன்றாகத் தொடங்கும் பெண்கள் போட்டி. வெளியே கொட்டுகிற மழை, உள்ளே இருபது பேர், இந்தத் தடவை தங்கச்சி எல்விரா முன்னுக்கு. கடைசி நின்று சுடுகிற இடம். கொத்துத் தம்பி தகட்டைத் தூக்கி நிறுத்திவிட்டான். எல்விரா துவக்கைத் தோளில் வைக்கிறார், படம் அப்படியே உறைந்து நின்றது. நின்றதுதான். ஒருவர் கம்பியை ஆட்டுகிறார், ஒருவர் பெட்டியை அணைத்துப் போடுகிறார், அண்ணன் இணையக் கம்பனியை நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் ஏசுகிறார், கொத்துத் தம்பி மட்டும் அசையவில்லை, அவனுக்குச் சட்டம் சட்டம்தான், சுட்டு முடிந்தது தெரியாமல் எப்படி அடிப்பது. மூலையில் இருந்த மருமகள் தகப்பனின் போனைப் பார்த்துவிட்டு, "தங்கச்சிக்குத் தங்கம்" என்று கத்தினாள். அதற்குப் பிறகுதான் கல்லில் தகடு விழுந்தது. அந்த நேரம் கல்லில் இருந்தது என் கணவாய்க் கொத்து, அன்றைக்கு மட்டும் அது இறப்பர்தான். அண்ணன் காசு வாங்கவில்லை. இப்போது வேறு இணைப்பு எடுத்திருப்பதாகச் சொல்லுகிறார், மழைக்குப் பிறகுதான் தெரியும்.

நான் இதை எழுத உட்கார்ந்தது 2025இல், அந்த நவம்பர் கடைசியில் ஒஸ்டர்சுண்டில் புதிய பருவம் தொடங்க இருந்தது, 2026 பெப்ரவரியில் இத்தாலியில் ஒலிம்பிக், பயத்லோனுக்கு இடம் அந்தோல்ஸ், ஹன்னா 2020இல் வெண்கலம் எடுத்த அதே இடம். ஹன்னாவுக்கு அந்த நவம்பரில் 30 வயது. அண்ணன் ரீவியைக் கீழே இறக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தார், முந்தின நாள்தான் பார்த்தேன்.

போட்டி நாளில் ஏழு மணிக்குப் போனால் நிற்கத்தான் இடம் கிடைக்கும், ஆறேகாலுக்கே போய்விடுங்கள். கொத்தைப் போட்டி தொடங்க முதல் சொல்லி, தொடங்க முதல் சாப்பிட்டு முடியுங்கள், வடையை நடுவில் எடுத்துக்கொள்ளலாம், வடைச் சட்டிக்குச் சட்டம் கிடையாது. திங்கள் பூட்டு. சுவர் ஓரத்து இரண்டாவது மேசை எங்களுடையது, மருமகள் சண்டைக்கு வருவாள், அதில் இருக்காதீர்கள்.